12 வருஷம் உழுதா நிலம் சொந்தம், 120 வருஷம் இருந்தா?

இந்த தடவை உரம், மழை, மல்லிப்பூ விலை எதுவும் இல்ல. கொஞ்சம் பழைய கதை. நம்ம மதுரைச் சீமையோட கதைதான், ஆனா நான் படிச்ச காலத்துல பள்ளிக்கூடப் புத்தகத்துல இது இல்ல.

இப்ப நம்ம பிள்ளைங்க கனடா, ஆஸ்திரேலியான்னு வேலைக்குப் போறாங்க. கனடால நிரந்தரமா தங்குற அனுமதி வாங்கி, அஞ்சு வருஷத்துக்குள்ள மூணு வருஷம் அந்த மண்ணுல இருந்துட்டா குடியுரிமைக்கு எழுதிப் போடலாம். ஆஸ்திரேலியால நாலு வருஷம். அயர்லாந்துன்னு ஒரு சின்ன நாடு, அங்க தாத்தா பாட்டியில யாராவது ஒருத்தர் பிறந்திருந்தாப் போதும், பேரன் எந்த ஊர்ல பிறந்திருந்தாலும் பதிவு பண்ணி உரிமை வாங்கிக்கலாம். பிறந்த மண்ணு, இருந்த காலம், ரத்த வழி, இந்த மூணுல ஏதாவது ஒண்ணைப் பார்த்துத்தான் ஒரு நாடு ஒருத்தனைத் தன் குடிமகன்னு ஏத்துக்குது.

நம்ம பக்கத்துலேர்ந்து போன ஒரு கூட்டத்துக்கு இந்த மூணுமே இருந்துச்சு. மூணையும் கையில வெச்சுக்கிட்டே அரை நூற்றாண்டுக்கு மேல எந்த நாட்டுக்கும் சேராம கிடந்தாங்க. நாம அவங்களை கண்டிக்காரங்க, சிலோன்காரங்கன்னு சொல்றோம். அவங்க தங்களை மலையகத் தமிழர்னு சொல்லிக்கிறாங்க.

எனக்கு சட்டம் தெரியாது. பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனா நிலத்துச் சட்டம் ஓரளவுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் ஆகணும். அடுத்தவன் நிலத்தை ஒருத்தன் ஒளிவு மறைவு இல்லாம, தடங்கல் இல்லாம 12 வருஷம் அனுபவிச்சு வந்து, நிலத்துக்காரனும் கேட்காம விட்டுட்டா, எதிரிடை அனுபவ பாத்தியம்னு கோர்ட்டுல நிக்கலாம். அரசாங்க நிலம்னா 30 வருஷம். காகிதம் இல்லாட்டியும் காலத்துக்கு ஒரு மதிப்பு உண்டுன்னு நிலத்துச் சட்டம் ஒத்துக்குது. மனுஷன் விஷயத்துல மட்டும் அது எப்படித் தலைகீழாப் போச்சுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் இதெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல அவங்க ஏன் போனாங்கன்னு பார்ப்போம். வெள்ளைக்காரன் கண்டி மலையில 1820-கள்லேர்ந்து காப்பித் தோட்டம் போட ஆரம்பிச்சான். கூலிக்கு ஆள் வேணும். சிங்கள விவசாயிக்குச் சொந்த வயல் இருந்துச்சு, வரலை. இந்தப் பக்கம் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமையில வானம் பார்த்த பூமி, கடன், சாதிக் கொடுமை. தாது வருஷப் பஞ்சம் 1876-லேர்ந்து 78 வரைக்கும். அதைப் பத்தி நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. முல்லைப் பெரியாறு அணை வந்தது 1895-ல. அதுக்கு முந்தி நம்ம பக்கம் வைகையில தண்ணி வந்தாத்தான் சோறு. பெரியாத்துத் தண்ணி ஒரு இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தா எத்தனை குடும்பம் ஊரை விட்டுப் போகாம இருந்திருக்கும்னு நான் நினைக்கிறதுண்டு. தண்ணி வந்த பிறகும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி பூமிக்கு அது எட்டலைங்கிறதும் நெசம்.

ஊருக்குள்ள கங்காணி வருவான். நம்ம ஊர்க்காரன்தான், நம்ம பேச்சுத்தான். "தேங்காய்க்கும் மாசிக்கும் குறைச்சல் இல்ல" அப்படிங்கிற மாதிரி ஆசை காட்டுவான். இருக்கிற கடனை அடைக்க முன்பணம் கொடுப்பான். அந்தப் பணம், வழிச் செலவு, போர்வைக் கம்பளி எல்லாம் சேர்ந்து ஆள் பேர்ல கடனா ஏறும். அந்தக் கடன் எழுதின சீட்டுக்குத் துண்டுன்னு பேர். தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா துண்டோட கடனை அடைக்கணும். அடையாத கடன்.

ஆரம்ப காலத்துல நடைதான். நம்ம பக்கத்துலேர்ந்து ராமநாதபுரம் கடற்கரை வரைக்கும் நடை, அப்புறம் தோணியில மன்னார் பக்கம், அங்கேர்ந்து காட்டு வழியா மாத்தளை வரைக்கும் திரும்ப நடை. காலராவுலயும் பட்டினியிலயும் வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1902-ல மதுரைலேர்ந்து மண்டபத்துக்கு ரயில் வந்துச்சு, 1914-ல பாம்பன் பாலம் வந்துச்சு. மண்டபத்துல இலங்கை அரசாங்கமே ஒரு முகாம் நடத்துச்சு. நோய் நொடி இருக்கான்னு பார்க்க ஆட்களை அங்க சில நாள் அடைச்சு வெச்சு, அப்புறம்தான் கப்பல் ஏத்துவாங்க. இந்த மண்டபம் முகாமை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்பத் திரும்ப வரும்.

காப்பிச் செடியில 1870-கள்ல இலை நோய் விழுந்து மொத்தமும் போச்சு. (நம்ம வெத்தலைக் கொடிக்காலுக்கு நோய் விழுந்தா ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். அங்க ஒரு நாட்டோட பயிரே போச்சு.) அதுக்குப் பதிலா தேயிலை வந்துச்சு. காப்பிக்கு அறுவடை நேரத்துல மட்டும் ஆள் போதும், வேலை முடிஞ்சா ஊர் திரும்பலாம். தேயிலைக்கு அப்படி இல்ல, வருஷம் பூரா கொழுந்து கிள்ளணும். அதனால பொம்பளைங்களும் வேணும், குடும்பமா வேணும். போனவங்க லயத்துலேயே தங்க ஆரம்பிச்சாங்க. லயம்னா வரிசையா ஒட்டின ஒத்தை அறைகள். அங்கேயே பிறந்து, அங்கேயே கட்டிக் கொடுத்து, அங்கேயே புதைச்சாங்க. 1946 கணக்கெடுப்புல இந்தியத் தமிழர்னு எழுதப்பட்டவங்க 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். இலங்கை மக்கள்தொகையில நூத்துக்குப் பன்னிரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணம், மட்டக்களப்புத் தமிழர்களை விட அப்ப இவங்க எண்ணிக்கை அதிகம்.

1948 பிப்ரவரியில இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் டி.எஸ்.சேனநாயக்க அரசாங்கம் குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்துச்சு, 1948-ம் வருஷத்து 18-ம் நம்பர் சட்டம், நவம்பர் 15-லேர்ந்து அமல். அங்க பிரஜாவுரிமைன்னு சொல்வாங்க. வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜைன்னு ரெண்டு வகை.

வம்சாவளிக்கு என்ன கேட்டாங்கன்னு கவனிங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி இலங்கையில பிறந்தவனா இருந்தா அவன் அப்பாவும் இலங்கையில பிறந்திருக்கணும். இல்லைன்னா அப்பாவோட அப்பாவும், அவரோட அப்பாவும் இலங்கையில பிறந்திருக்கணும். தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா வழி கணக்குல இல்ல. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தா அப்பா குடிமகனா இருக்கணும். நீ அங்க பிறந்தே, வாழ்நாள் பூரா அங்கேயே இருந்தேங்கிறது மட்டும் போதாது.

இதைக் கேட்டா நியாயமாத்தானே கேட்டிருக்கான்னு தோணும். இப்ப உங்க வீட்டுக்கு வாங்க. உங்க அப்பா பிறந்ததுக்குச் சான்றிதழ் இருக்கா? எங்க அப்பா தவறினப்ப பட்டா மாத்த ஒரு ஆபீஸுக்குப் போனேன். தாத்தாவோட இறப்புச் சான்று கேட்டாங்க. தாத்தா செத்தது எந்த வருஷம்னே யாருக்கும் தெரியாது, ஒரு பெரிய மழைக்கு அடுத்த ஆடியிலன்னு அப்பத்தா சொன்னதுதான் கணக்கு. சொந்த ஊர்ல, சொந்த நிலத்துல, நாலு பக்கமும் பங்காளி சாட்சிக்கு இருக்கிற எனக்கே ஒன்றரை வருஷம் ஆச்சு. லயத்துல பிறந்த ஒரு கூலிக்காரன் 1890-ல தன் அப்பன் எந்தத் தோட்டத்துல பிறந்தான்னு எந்தக் காகிதத்தைக் காட்டுவான்?

இன்னொரு விஷயம், நம்ம வழக்கம் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது புரியும். தலைப்பிரசவம் தாய் வீட்டுல. வசதி இருந்தா பொண்ணை ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவ மதுரைப் பக்கம் வந்து பிள்ளை பெத்து, மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ கைக்குழந்தையோட திரும்பப் போவா. அந்தக் குழந்தை வளர்ந்து அறுபது வருஷம் தேயிலைத் தோட்டத்துலேயே உழைச்சாலும், பிறந்த இடம் இந்தியா. வம்சாவளிச் சங்கிலி அங்க அறுந்து போச்சு. அவனுக்கும் இல்ல, அவன் பிள்ளைக்கும் இல்ல.

சரி, வம்சாவளி முடியலைன்னா இருந்த காலத்தை வெச்சுக் கேட்கலாம்னு அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் வந்துச்சு. 1949-ம் வருஷத்து 3-ம் நம்பர், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். கல்யாணம் ஆனவங்களுக்கு ஏழு வருஷம், ஆகாதவங்களுக்குப் பத்து வருஷம், 1946 தொடக்கத்துக்கு முன்னாடியே தொடர்ச்சியா இருந்திருக்கணும். ஏழு வருஷம் பெரிய விஷயமே இல்ல, அவங்க எழுபது வருஷமா இருக்காங்க. ஆனா "தொடர்ச்சியா" அப்படிங்கிற சொல்லுலதான் கொக்கி. ஒரு தடவை 12 மாசத்துக்கு மேல வெளிய போயிருந்தா தொடர்ச்சி அறுந்துடும். பெண்டாட்டி, பிள்ளைங்களும் அங்கேயே இருந்திருக்கணும். ஊர்ல அம்மாவைப் பார்த்துக்கன்னு பெண்டாட்டியை விட்டுட்டுப் போனவன் மனு தள்ளுபடி. ரெண்டு வருஷத்துக்குள்ள மனுப் போட்டாகணும். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆள் வெச்சு எழுதினான். செக்ரோல்ல ஒரு பேரும், மனுவுல ஒரு பேரும் இருந்தா அதுவே போதும், தள்ளிவிட. நம்ம ஆளுங்க பேரு விஷயம்தான் தெரியுமே, வீட்டுல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு.

8 லட்சத்துக்கு மேற்பட்டவங்களுக்காக மனுக்கள் போச்சு. 1964 வரைக்கும் கிடைச்சது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

இதுக்குள்ள ஓட்டும் போயிடுச்சு. 1931-லேர்ந்து இலங்கையில வயசு வந்தவங்களுக்கெல்லாம் ஓட்டு வந்திருந்துச்சு, தோட்டத்து ஆட்கள்லயும் நிறைய பேர் ஓட்டுப் போட்டாங்க. 1947 தேர்தல்ல சிலோன் இந்தியன் காங்கிரஸ் சார்புல தொண்டமானும் இன்னும் சிலரும் ஜெயிச்சுப் பாராளுமன்றம் போனாங்க. இடதுசாரிங்களும் மலைநாட்டுல தொழிலாளி ஓட்டை வாங்கினாங்க. அரசாங்கத்துக்கு அது உறுத்துச்சு. என்னோட அபிப்பிராயம், கொள்ளுத்தாத்தாவைக் கேட்டதுக்கு உண்மையான காரணம் அந்த ஓட்டுதான். 1949-ல குடிமகன் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லைன்னு தேர்தல் சட்டத்தையும் திருத்தினாங்க. 1952 தேர்தல்ல மலையகத்து ஆட்கள் பெரும்பாலும் பட்டியல்லயே இல்ல. இந்த விஷயத்துல தமிழ்க் காங்கிரஸிலேர்ந்து பிரிஞ்சுதான் செல்வநாயகம் 1949 டிசம்பர்ல தமிழரசுக் கட்சியை ஆரம்பிச்சார். கோடகன் பிள்ளைன்னு ஒருத்தர் வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. தன் குடிமகன் யாருங்கிறதைத் தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டுன்னு 1953-ல தீர்ப்பு. தோத்துப் போச்சு.

அப்ப இந்தியா? நம்ம அரசியல் சாசனத்துலயும் 8-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுல இருக்கிறவன், அவனோ, அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ இந்தியாவுல பிறந்திருந்தா, அங்க இருக்கிற இந்தியத் தூதரகத்துல மனுக் கொடுத்துப் பதிஞ்சுக்கலாம். அதாவது கேட்டாத்தான், பதிஞ்சாத்தான். தானா வராது. தலைமுறை தலைமுறையா அங்க இருக்கிறவங்க அந்த நாட்டு ஆட்கள்தான்னு நேரு சொல்லிட்டார். அவர் சொன்னதுல தப்பு இருக்கிறதா எனக்குத் தோணலை. ஆனா அந்தப் பக்கம் உன் தாத்தா இந்தியாக்காரன்னு கதவைச் சாத்த, இந்தப் பக்கம் நீ சிலோன்ல இருந்தவன்னு சொல்ல, நடுவுல பத்து லட்சம் பேர் நின்னாங்க. நாடற்றவர்ங்கிற வார்த்தை அப்படித்தான் வந்துச்சு.

1964 அக்டோபர் 30. டெல்லியில லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. நாடற்றவங்க 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்னு கணக்கு. 5 லட்சத்து 25 ஆயிரத்தை இந்தியா எடுத்துக்கும், 3 லட்சத்தை இலங்கை எடுத்துக்கும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கலாம். இந்தியா ஏழு பேரை எடுத்தா இலங்கை நாலு பேரை எடுக்கணும்னு விகிதம். 15 வருஷத்துல முடிக்கணும். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரம்னு சரிபாதியா பிரிச்சுக்கிட்டாங்க. சந்தையில ஆட்டுக்குட்டி பிரிக்கிறவன் கூட எது யாருக்குன்னு ஒரு தடவை பார்ப்பான். இங்க அந்த ஜனங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலை.

அப்புறம் மனு வாங்கினாங்க. அங்கதான் உண்மை வெளிய வந்துச்சு. இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் போகணும்னு ஒப்பந்தம், ஆனா இந்தியக் குடியுரிமை கேட்டவங்க சுமார் 4 லட்சம் பேர்தான். இலங்கை தரப்போறது 3 லட்சம், கேட்டவங்க 6 லட்சத்துக்கும் மேல. வாயைத் திறந்து சொல்லச் சொன்னப்ப அவங்க சொன்னது இதுதான், நாங்க இங்கேயே இருக்கோம்.

எங்க தோட்டத்துல மல்லி பறிக்க வர்ற ஒரு அம்மாவைப் பத்தி இங்க சொல்லணும். எழுபது வயசு தாண்டியாச்சு. எல்லாரும் கண்டியம்மான்னு கூப்பிடுவோம். மத்தவங்க ஒரு கையால கிளையைப் பிடிச்சு ஒரு கையால மொட்டு பறிப்பாங்க. அந்தம்மா ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல பறிக்கும், கண்ணு செடி மேல இருக்காது, எங்கேயோ பார்த்துக்கிட்டே கை போகும். கொழுந்து கிள்ளின கை. புல்லுக்கட்டைத் தலையில வைக்காது, கயித்தைத் தலையில மாட்டி முதுகுல தொங்கவிட்டுத்தான் தூக்கும், தேயிலைக் கூடை மாதிரி. ஐம்பது வருஷம் ஆச்சு வந்து, இன்னும் அப்படித்தான்.

அந்தம்மாவோட தாத்தா திருமங்கலம் பக்கத்துலேர்ந்து போனவர். அப்பா பிறந்தது அட்டன் பக்கத்துத் தோட்டத்துல, அந்தம்மா பிறந்ததும் அங்கதான். 1948 சட்டப்படி பாருங்க, அப்பா இலங்கையில பிறந்தவர், ஆனா தாத்தா பிறந்தது இந்தியா, அதனால அப்பா குடிமகன் இல்ல. அப்பா குடிமகன் இல்லாததால மகளும் இல்ல. ரெண்டு தலைமுறை அந்த மண்ணுல பிறந்தும் கணக்கு சேரலை. நான் ஒரு நாள், "ஏன்மா உங்கய்யா இந்தியாவுக்கு எழுதினாரு?"ன்னு கேட்டேன்.

"ஆசைப்பட்டு எழுதலை தம்பி. அந்தப் பக்கம் எழுதினா கிடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கிடைக்கிற பக்கம் எழுதிட்டாரு. அண்ணன் தனிக் குடும்பம், அது சிலோனுக்கு எழுதிச்சு. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. எங்களுக்கு பாஸ்போர்ட் வந்துச்சு, அண்ணனுக்கு சிட்டிசன் வந்துச்சு."

அவங்க வந்தது 1974-ல. அதுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து அங்க தோட்டங்கள்ல பட்டினி, மாவு கூட கிடைக்கலை, செத்துப் போனவங்க உண்டு. முன்னாடி தயங்கினவங்களும் அப்பத்தான் கிளம்பினாங்க. மலையிலேர்ந்து தலைமன்னாருக்கு வர்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகை. தலைமன்னார்லேர்ந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்துல இறக்கம், அப்புறம் அதே மண்டபம் முகாம். தாத்தாவை அடைச்சு வெச்சுக் கப்பல் ஏத்தின அதே இடத்துல பேத்தி குடும்ப அட்டை வாங்க வரிசையில நின்னுச்சு.

திரும்பி வந்தவங்களுக்குத் திட்டம் இல்லாம இல்ல. நீலகிரியிலயும் வால்பாறையிலயும் அவங்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, இன்னிக்கு டான்டீன்னு சொல்றோமே அதுதான். கூட்டுறவு நூற்பாலைகள், வியாபாரக் கடன், 1969-ல பர்மா, இலங்கையிலேர்ந்து திரும்பினவங்களுக்காக ரெப்கோ வங்கி எல்லாம் வந்துச்சு. தேயிலை வேலை கிடைச்சவங்க ஓரளவு தப்பிச்சாங்க. சொந்த ஊருக்குப் போறேன்னு சொன்னவங்க பாடுதான் கஷ்டம். தாத்தா பேர் சொல்லிக்கிட்டு எழுபது வருஷம் கழிச்சு ஒரு குடும்பம் வந்து நின்னா, பங்காளிக்கு முதல்ல வர்ற பயம் பாகம் கேட்பாங்களோங்கிறதுதான். நம்ம ஊர் புத்தி நமக்குத் தெரியாதா? குலதெய்வம் கோயில்ல விபூதி கொடுத்தாங்களாம், வீட்டுல திண்ணையைத் தாண்டவிடலையாம். கண்டியம்மா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும்.

ஒப்பந்தப்படி வந்தவங்க 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல, ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைங்களையும் சேர்த்தா நாலரை லட்சம் தாண்டும். இவங்கெல்லாம் இந்தியக் குடிமக்கள், கையில பாஸ்போர்ட்டோட வந்தவங்க. அவங்களை அகதின்னு சொல்றது தப்பு, இன்னிக்கும் நிறைய பேர் அப்படித்தான் சொல்றாங்க.

1984-ல சண்டையால கப்பல் நின்னு போச்சு. பாஸ்போர்ட் வாங்கியும் கிளம்ப முடியாதவங்க, மனுப் போட்டுக் காத்திருந்தவங்க எல்லாம் அங்கேயே மாட்டிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் இலங்கையில சட்டம் கொஞ்சம் கொஞ்சமா இளகிச்சு. 1986-ல ஒண்ணு, 1988-ல ஒண்ணு, கடைசியா 2003-ல ஒண்ணு. 1964 அக்டோபர் 30-லேர்ந்து இலங்கையில நிரந்தரமா இருக்கிற இந்திய வம்சாவளியினரும் அவங்க வாரிசுகளும் ஒரு உறுதிமொழிக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும், குடிமகன். ஐ.நா. அகதிகள் அமைப்பு உதவியோட தோட்டம் தோட்டமா மேசை போட்டு, பத்து நாள்ல சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேருக்குக் கொடுத்து முடிச்சாங்க.

பத்து நாள்! கொள்ளுத்தாத்தா பிறந்த சீட்டு வேண்டியதில்ல, ஏழு வருஷத் தொடர்ச்சி வேண்டியதில்ல, செக்ரோல் பேர் வேண்டியதில்ல. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலை. 55 வருஷமா காகிதம் காகிதம்னு அலைய விட்டதுக்கு, காகிதம் எப்பவுமே தேவைப்பட்டிருக்கலை. கொடுக்கணும்னு மனசு வந்தப்ப ஒரு கையெழுத்துல முடிஞ்சு போச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்கவே மாட்டேன். நம்ம செல்லூர்லேர்ந்து சைக்கிள்ல போற தூரத்துல ஆனையூர் முகாம் இருக்கு. உச்சப்பட்டியில ஒண்ணு, திருவாதவூர்ல ஒண்ணு. 1983-க்குப் பிறகு சண்டைக்குப் பயந்து படகுல வந்தவங்க. தமிழ்நாடு முழுக்க இப்படி நூறுக்கு மேல முகாம், 2021 கணக்குப்படி சுமார் 58 ஆயிரம் பேர். அந்த வருஷம் அகதிகள் முகாம்ங்கிற பேரை மாத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்னு அரசு வெச்சுச்சு. அங்க இருக்கிறவங்க எல்லாரும் யாழ்ப்பாணத்து, மன்னாரு ஜனங்கன்னு நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தேன், நிறைய பேர் இன்னும் அப்படித்தான் நம்புறாங்க. அதுல சுமார் 28 ஆயிரம் பேர் மலையகத்து வம்சாவளின்னு கணக்கு சொல்றாங்க. 1977-லயும் 83-லயும் தோட்டத்துல வீடு கொளுத்தினப்ப வவுனியா, கிளிநொச்சிக்கு ஓடி, அங்கேயும் சண்டை வந்தப்ப படகு ஏறினவங்க. கண்டியம்மாவோட சேர்ந்து அதே லயத்துல வளர்ந்தவங்க கூட இருக்கலாம். அந்தம்மா பாஸ்போர்ட்டோட கப்பல்ல வந்துச்சு, குடிமகள். இவங்க காகிதம் இல்லாம படகுல வந்தாங்க, சட்டத்தோட பாஷையில சட்டவிரோதமாக் குடியேறினவங்க. ரெண்டு பேரோட தாத்தாவும் இதே சீமையிலேர்ந்து போனவங்க.

இந்தியச் சட்டத்துல இருந்த காலத்துக்கு மதிப்பு உண்டு. 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்திய வம்சாவளிக்காரன் இங்க ஏழு வருஷம் இருந்தா பதிவு கேட்கலாம், மத்தவங்க 12 வருஷம் இருந்தா கேட்கலாம். நிலத்துக்குச் சொன்ன அதே 12 வருஷம். ஆனா சட்டவிரோதமா வந்தவன்ங்கிற முத்திரை விழுந்துட்டா எத்தனை வருஷமும் கணக்குல சேராது. 2019-ல வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்த சில மதத்துக்காரங்களுக்கு அந்த முத்திரையை நீக்குச்சு, இலங்கை அதுல இல்ல. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததுக்கான தண்டனையிலேர்ந்து விலக்குக் கொடுத்துச்சு. பயம் குறையும், ஆனா அது குடியுரிமை இல்ல. இன்னொரு பக்கம், மொரிஷியஸ்ல இருக்கிற இந்திய வம்சாவளிக்கு ஏழாவது தலைமுறை வரைக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை தர்றதா 2024-ல குடியரசுத் தலைவர் அங்க போய் அறிவிச்சார். நல்ல விஷயம்தான். அதே மாதிரி கூலிக்குப் போனவங்களோட பேரன் ஆனையூர்ல பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போறான்.

நம்ம ஒத்தக்கடை உயர்நீதிமன்றக் கிளையில 2019 ஜூன்ல ஒரு தீர்ப்பு வந்துச்சு. திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்கள்ல இருக்கிற 65 பேர், நாங்க இங்கேர்ந்து போன தோட்டத் தொழிலாளியோட வாரிசுங்க, எங்களுக்குக் குடியுரிமை கொடுங்கன்னு வழக்குப் போட்டிருந்தாங்க. அவங்க மனுவை கலெக்டர் மேல அனுப்பணும், மத்திய அரசு பரிசீலிக்கணும்னு நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னார். இவங்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகளா மட்டும் பார்க்கக் கூடாதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம். அப்புறம் 2022-ல அதே கோர்ட்டுல, முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அது வேற காரணம், வம்சாவளியும் இல்ல, இருந்த காலமும் இல்ல, பிறந்த தேதி.

அந்தத் தேதிக் கணக்கை முகாம்ல இருக்கிறவங்களுக்கே நிறைய பேருக்குத் தெரியலை, அதனால எழுதுறேன். 1950 ஜனவரி 26-லேர்ந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் இந்திய மண்ணுல பிறந்தவங்க, அப்பா அம்மா யாரா இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதுக்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி வரைக்கும் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தர் குடிமகனா இருந்தாப் போதும். அதுக்கும் பிறகு பிறந்தவங்களுக்கு ஒருத்தர் குடிமகனா இருந்து, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக் கூடாது.

இப்ப ஒரு குடும்பத்தை எடுத்துக்கங்க. அம்மா 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்தவங்க. அப்பா பத்து வயசுல படகுல வந்தவர். மூத்த பொண்ணு 2004 ஜனவரியில பிறந்திருந்தா சட்டப்படி அவ இந்தியக் குடிமகள். தம்பி 2006-ல பிறந்திருந்தா அவன் இல்ல. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டு, மதுரையில ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்க. அக்காவுக்கு ஓட்டு, பாஸ்போர்ட், அரசு வேலைக்குப் பரீட்சை எல்லாம் உண்டு. தம்பி போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிட்டிருந்தா, அவன்கிட்ட அதை யாராவது இப்பவே சொல்லியாகணும்.